திருவெம்பாவை காட்டும் பாடற்கூட்டம்

திருவெம்பாவைக்குப் பொருள் காணப் புகுந்த சைவப் பெரியோர் பலரும், சத்தியை வியந்தது என்னும் பழங்குறிப்பின்வழி நின்றே அதனைக் கண்டனர். நவசத்திகள் ஒருவரையொருவர் துயிலெழுப்பிச் சிவனருளால் உலகத் தோற்றத்திற்கு முற்படுதலையே அடிகள் மகளிர் நீராட்டின்மேல் வைத்து ஓதினார் என்பது ஒரு சாரார் கொள்கை. ஆணவ இருளிற் கிடக்கும் உயிரைப் பக்குவமுற்ற உயிர்கள் தட்டியெழுப்பி அருட்புனலுக்கு அழைத்துச் செல்லும் என்பது மற்றொரு சாரார் கொள்கை. இவ்விரண்டும் சித்தாந்தத்தோடு மாறுகொள்ளாதன ஆகலின் அவற்றை மறுத்தல் எம் கருத்தன்று. ஆயினும், உட்பொருளை நோக்கி விரையும் உரைகள் வெளிப்பொருளை ஓரிரு சொல்லாற் கூறிவிட்டு அகன்றுவிடுகின்றன. தெருவில் நின்று கதவு தட்டும் பெண்கள் யாது சொன்னார்கள், உள்ளே கிடந்தவள் யாது விடையிறுத்தாள், எட்டு வீட்டு வாயிலில் நின்ற பின்னர் அக்கூட்டம் எவ்வாறு ஒன்றாயிற்று என்பவற்றை நின்று பார்த்தார் மிகச் சிலரே.

கடவுண்மாமுனிவர் தம் திருவாதவூரடிகள் புராணத்தில், அடிகள் திருவண்ணாமலையில் எழுந்தருளியிருந்த காலத்து, மார்கழித் திங்களில் அவ்வூர்க் கன்னியர் வீடுதோறும் சென்று ஒருவரையொருவர் அழைத்து நீராடப் போந்ததைக் கண்டு இதனைப் பாடினார் என்று கூறுகின்றார். ஆகவே கண்முன் நிகழ்ந்த ஒரு கூட்டமே இப்பாடலின் நிலைக்களம் என்பது மரபாலும் பெறப்படும். அக்கூட்டத்தை யாம் இப்போது ஆராயப் புகுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஊர்தோறும் திருவாசக முற்றோதற் குழுக்களும், மார்கழிப் பாடற் குழுக்களும், திருமுறை மன்றங்களும் தோன்றிவரும் காலம் இது. தோன்றுவனவற்றிற் பல மூன்றாண்டு நில்லாமல் ஒழிகின்றன. நிற்பனவற்றுள்ளும் சில, ஒருவர் பாட மற்றையோர் கேட்கும் கச்சேரிகளாய் முடிகின்றன. குழுவைத் தொடங்குவார்க்கும் நடத்துவார்க்கும் வழி கூறும் நூல் வேறு எங்கும் தேடவேண்டுவதில்லை. அவர் நாள்தோறும் பாடும் இருபது பாட்டே அந்நூல் என்பதே எம் துணிபு.

முதலெட்டுப் பாட்டும் எழுப்புதலிலேயே செல்கின்றன. இருபதில் எட்டு என்பதை நோக்குக. நீராட்டும், பரவலும், வேண்டுதலும் எஞ்சிய பன்னிரண்டில் அடங்க, கூட்டம் சேர்த்தல் ஒன்றற்கே அடிகள் எட்டுப் பாட்டு வைத்தனர். இக்காலத்துக் குழுத் தலைவர் இவ்வேலைக்கு எவ்வளவு காலம் செலவிடுகின்றார்? கைப்பேசியில் ‘நாளை காலை ஐந்து மணி’ என ஒரு வரி எழுதி அனுப்புகின்றார். வராதவர் வாரார் எனக் கை கழுவிவிடுகின்றார். ஒலிபெருக்கியைக் கோபுரத்திற் கட்டி ஊரையே எழுப்புவாரும் உளர். 2000 ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அதனை விலக்கியிருத்தல் ஒருபுறம் நிற்க. ஊர் முழுதையும் எழுப்பும் கருவி ஒருத்தியையும் பெயர் சொல்லி எழுப்புவதில்லை. திருவெம்பாவைப் பெண்களோ ஒவ்வொருத்தியையும் அவள் இயல்பறிந்து எழுப்புகின்றனர். இரவும் பகலும் இறைவன்பால் அன்பு என்று பேசினவள் ஒருத்தி. அவளுக்கு அவள் பேச்சையே நினைவூட்டுகின்றனர். மாலும் அயனும் அறியா மலையைத் தாம் அறிந்ததுபோலப் பொய்யுரை பேசும் இனிய வாயினள் ஒருத்தி. அவளை அவ்வாறே இடித்துரைக்கின்றனர். ஒருத்திக்குச் சொன்னதை மற்றொருத்திக்குச் சொல்லவில்லை. எட்டு வாயிலிலும் ஒரே அழைப்பாயின் எட்டுப் பாட்டு வேண்டா, ஒன்றே அமையும்.

இவற்றுள் மூன்றாம் பாட்டு எம் ஆராய்ச்சிக்கு உயிர்நிலையானது. புறத்து நின்றோர், முன்பெல்லாம் எதிர்வந்து இறைவன் பெயரை இன்சொல்லாற் கூறுபவள் இன்று கதவு திறவாமைக்கு நகையாடுகின்றனர். அகத்துக் கிடந்தவள் கூறும் விடை கூர்ந்து நோக்கத்தக்கது. நீவிர் பழைய அடியீர், முறையறிந்தீர். யாமோ புதிய அடியேம். எம் சிறுமையை நீக்கி ஏற்றுக்கொண்டாற் குற்றமாமோ என்கின்றாள் அவள். இதனை விளையாட்டுரை என்று விடுத்த உரைகள் உள. எமக்கோ அவ்வாறு தோன்றவில்லை. எந்தப் பாடற்கூட்டத்திலும் புதிதாய் வந்தவர் நெஞ்சில் வாய்திறவாது கிடக்கும் சொல் இதுவே. பழையோர் பதிகம் முழுதும் வாய்ப்பாடமாக ஓத, கையிற் புத்தகம் வைத்து வரி தேடும் புதியவர் நாணுகின்றார். இரண்டாம் நாள் பின்வரிசைக்குச் செல்கின்றார். மூன்றாம் நாள் வருவதில்லை. அடிகள் இந்நாணத்தைக் கண்டனர், அதற்கொரு குரலும் தந்தனர். புறத்தோர் மறுமொழியும் அதற்கேற்ப அமைந்தது. நின் அன்பை யாம் எல்லாம் அறியேமோ எனத் தெளிவித்து, நம் சிவனைப் பாடுதற்குரியார் இவர் என ஓர் இலக்கணமும் கூறுகின்றனர். அவ்விலக்கணத்தில் அடிகள் அழகு என்பதைக் குரலுக்கு அடையாக்கவில்லை, சித்தத்திற்கு அடையாக்கினார். இசைத்தமிழ் வல்லாரும், யாழும் வீணையும் அறிந்தாரும் மலிந்திருந்த நாட்டில் வாழ்ந்தவர் இவ்வாறு கூறுதல் தற்செயலன்று.

நான்காம் பாட்டிலுள்ள ஒரு செய்தியை இக்காலத்துக் குழுத் தலைவர் ஒவ்வொருவரும் தம் வீட்டுச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம். உள்ளே கிடப்பவள், எல்லாரும் வந்துவிட்டனரா என வினவுகின்றாள். எண்ணிப் பார்த்து உள்ளவாறு சொல்கின்றோம், அதற்குள் நீ மீண்டும் உறங்கிப் பொழுதை வீணாக்காதே என்று தொடங்கிய புறத்தோர், உடனே சொல் மாறிவிடுகின்றனர்: பாடிக் கசிந்துருகும் எமக்கு எண்ணுதல் இயலாது, நீயே வந்து எண்ணிக்கொள், குறைந்தால் மீண்டும் போய் உறங்கு. தலை எண்ணுவதும் பாடுவதும் ஒரே நெஞ்சிற் கூடா என்பது இதன் கருத்து. முற்றோதல் விழாக்களில் இத்தனை நூற்றுவர் கூடினர், இத்தனை ஊர்தி வந்தன என்று துண்டறிக்கை வெளியிடுதலைக் காணும்போதெல்லாம் எமக்கு இப்பாட்டே நினைவுக்கு வரும்.

ஆறாம் பாட்டு இன்னும் நுண்ணியது. நாளை யானே வந்து உங்களை எழுப்புவேன் என்று முதல்நாள் கூறியவளே மறுநாள் துயில்கின்றாள். பிறரை எழுப்பும் பொறுப்பேற்றவர் தாமே உறங்குதலும் உண்டு என்பது அடிகள் அறியாததன்று. இக்கூட்டத்தில் தலைவி என ஒருத்தி பெயர் குறிக்கப்படவில்லை. எழுப்பியவர் யார், எழுப்பப்பட்டவர் யார் என்பது நாளுக்கு நாள் மாறும்போலும்.

இனி, அடியேன் பிழையொன்றைக் கூறுதல் ஈண்டுப் பொருந்தும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில் மார்கழிப் பாடற்குழு ஒன்றை அடியேன் தொடங்கினேன். முதல் நாள் எழுவர். பத்தாம் நாள் இருபதின்மருக்கு மேல். என் முயற்சியால் வளர்ந்தது என்றே எண்ணியிருந்தேன். அவருள் முதிய அம்மையார் ஒருவர் உரத்த குரலினர்; சுருதியோடு ஒருநாளும் சேராதவர். பிறர் முகஞ்சுளித்தலைக் கண்டு, ஒரு நாள் பாட்டு முடிந்த பின்னர், ‘வாயசைத்தால் போதும் அம்மா’ என்று அவரிடம் மெல்லக் கூறினேன். ‘சரி தம்பி’ என்றார். மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாள் மேலைத்தெருவினர் அறுவரும் வரவில்லை. ஒரு கிழமைக்குள் எஞ்சியவர் ஐவரே. பின்னரே அறிந்தேன்: அவ்வம்மையார் நாள்தோறும் நான்கு மணிக்கு எழுந்து, வரும் வழியில் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் நின்று பெயர் சொல்லி அழைத்து வந்தவர். என் குழுவை வளர்த்தவர் அவர். யான் சுருதியைக் காத்துக்கொண்டு தெருவை இழந்தேன்.

அவர் வீட்டிற்குச் சென்று மன்னிப்பு வேண்டினேன். ‘நான் வந்தால் உங்களுக்குச் சுருதி கெடுமே தம்பி. எழுப்பி மட்டும் அனுப்பிவிடட்டுமா?’ என்று கேட்டார். அவ்வாறே செய்தும் வந்தார். மேலைத்தெருவினர் மீண்டும் வந்தனர்; அவர் மட்டும் அம்மார்கழி முழுதும் வரவில்லை. மறு ஆண்டு மூன்றாம் பாட்டில் அகத்துக் கிடப்பவள் கூறும் விடையை அவர் ஒருவரே பாடுமாறு வேண்டிக்கொண்டோம். பாடினார். சுருதி கெட்டது. ஒருவரும் முகஞ்சுளிக்கவில்லை.

இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே பாட்டின் அமைப்பைப் பற்றிய ஓர் ஐயம் எமக்குத் தெளிந்தது. முதலெட்டுப் பாட்டுகளிற் பல உரையாடலாய் அமைந்தன. புறத்தோர் கூற்றும் அகத்தோள் கூற்றும் ஒரே பாட்டில் மாறி மாறி வரும். எவ்வடி எவர் கூற்று என்பதில் உரைகாரர் தம்முள் வேறுபடுவர். ஆயினும் இருவேறு குரல் உண்டென்பதில் வேறுபாடில்லை. இக்காலத்துக் குழுக்கள் அனைத்தும் இவற்றை ஒரே குரலாய்த் தொடக்கம் முதல் ஈறுவரை ஓதிச் செல்கின்றன. அதனால் வினா விடையாகவும், விடை வினாவாகவும் கலந்து, ஏச்சும் நகையும் நாணமும் மறைந்து, எட்டும் ஒரே தோத்திரமாய்த் தட்டையாகிவிடுகின்றன. பழகியோர் புறத்துக் கூற்றையும் புதியோர் அகத்துக் கூற்றையும் பாடுவாராயின் பொருளும் விளங்கும். புதியவர்க்குப் பாடவேண்டுவது ஓரிரண்டடியே ஆதலின் அச்சமும் நீங்கும். ஏழாம் பாட்டில் அப்பெண்கள், இறைவனை என் அரசே என்றும் இன்னமுதே என்றும் தாம் வெவ்வேறாய்ச் சொன்னதாகக் கூறுதலையும் இதனோடு வைத்து நோக்குக. கூட்டமாய் நின்றும் அவர் தத்தம் சொல்லை இழக்கவில்லை.

அற்றேல், பண்ணும் சுருதியும் வேண்டா என்பது கருத்தோ எனின், அன்று. திருமுறைகண்ட புராணம், ஏடுகள் கிடைத்த பின்னரும் பண் அறியாமல் நின்று, திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியால் அவை வகுக்கப்பெற்ற வரலாற்றைக் கூறும். பண்ணை இகழ்வார் அவ்வரலாற்றையே இகழ்வார். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் (985–1014) திருப்பதியம் விண்ணப்பஞ் செய்யப் பிடாரர் 48 பேரையும், உடுக்கை வாசிப்பான் ஒருவனையும், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனையும் அமைத்து, ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல் வழங்கினான். அது பயின்றோர் பணி. அதற்கு உணவும் உரிமையும் உண்டு. ஓதுவார் மரபு குன்றாதிருத்தல் வேண்டும் என்பதிற் சைவர் யாவர்க்கும் ஒரு கருத்தே. மார்கழிக் கூட்டமோ பயிலாதோர் பணி. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதினின்றே குழப்பம் பிறக்கின்றது. ஓதுவாரிடம் எதிர்பார்ப்பதை அடுக்களையினின்று நேரே வந்த அம்மையாரிடம் எதிர்பார்த்தல் முறையன்று. அவருக்கென அமைந்த எளிய மெட்டை ஓதுவாரிடம் எதிர்பார்த்தலும் முறையன்று. குழுவிற்கு ஓதுவார் ஒருவர் கிடைப்பின், திங்களுக்கு ஒருமுறையேனும் அவர் ஓதக் கேட்டுத் திருத்திக்கொள்ளுதல் நலம். திரைப்பாட்டு மெட்டில் திருவாசகம் பாடுவார்க்கு யாம் கூறத்தக்கது ஒன்றுமில்லை.

மெட்டைப் பொறுத்தவரை முன்னோர் வழக்கே போதும். திருவாசகத்தை மோகனத்திலும் மார்கழிப் பாடல்களைப் பூபாளத்திலும் ஓதுதல் பெருவழக்கு. இரண்டும் ஐந்தே சுரங்களால் ஆனவை. பயிலாத தொண்டை தடுமாறுதற்குரிய நெருங்கிய சுரங்களிற் பல அவற்றில் இல்லை. அதனாலேயே நூறு பேர் கூடிப் பாடினும் மெட்டுச் சிதைவதில்லை. சிதைவது பெரும்பாலும் சுருதியிலேதான். குழுத் தலைவர் ஆணாயின் தமக்கு வாய்த்த ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் எடுக்கின்றார். பெண்களுக்கு இயல்பானது நாலரை, ஐந்து. அவர்களோ கீழே அடங்கி முணுமுணுக்கவும் மாட்டார், மேல்நிலையில் எட்டிப் பாடவும் மாட்டார், வாளா நிற்பர். பின்னர், பெண்கள் வாய் திறப்பதில்லை என்று குறை கூறுவார் அத்தலைவர்! இருபாலார்க்கும் பொதுவான இடம் தேடுதல், ஒரு நாள் அவருக்கும் ஒரு நாள் இவருக்கும் ஏற்ப எடுத்தல், அன்றி முற்றும் பெண்களே எடுக்க ஆண்கள் பின்பற்றுதல் ஆகிய மூன்றனுள் ஒன்றைச் செய்யலாம். திருவெம்பாவை பெண்கள் கூற்றாதலின் மூன்றாவதே பொருத்தம் என்பது எம் கருத்து. பெரும்பாலான ஊர்களில் இதனை ஒப்பமாட்டார் என்பதும் அறிவோம்.

மற்றொரு தடை நேரம். ஒருவர் ஓரடி சொல்ல மற்றையோர் திரும்பச் சொல்லும் முறையிற் பாடினால் எட்டடிப் பாட்டு இருபதும் இருமடங்காய் நீளும். பள்ளிக்கும் பணிக்கும் செல்வார் பாதியில் எழுந்து செல்வர். மார்கழி 29 அல்லது 30 நாள். நாளொன்றுக்கு ஒரு பாட்டை மட்டும் அடியடியாய்ச் சொல்லிக்கொடுத்து, எஞ்சியவற்றை ஒருங்கே பாடிச் சென்றால் இருபது நாளில் திருவெம்பாவையும், பின் பத்து நாளில் திருப்பள்ளியெழுச்சியும் சிறுவர்க்கும் மனத்தில் நிற்கும். அன்றைய பாட்டின் பொருளை நான்கு வாக்கியத்திற் கூறினால் போதும். அரைமணிச் சொற்பொழிவு வேண்டா. பொருளே இன்றிப் பாடுதலும் ஒரு நிலை. தாய்லாந்து அரசவைப் பிராமணர் தங்கள் திரியம்பாவை விழாவிற் பாடும் பாட்டில் திருவெம்பாவை அடங்கியிருத்தலை அறிஞர் காட்டியுள்ளனர். பாடுவோர்க்கு அதன் தமிழ் புரிவதில்லை. மொழி மறந்தும் பாட்டை விடாத அவர் உறுதி வியப்புக்குரியதே. மொழி மறவாத நாம் அந்நிலைக்கு விரைதல் எற்றுக்கு?

தலைவர் செய்யத்தக்கது யாது என்பதற்குத் திருவாமாத்தூர்க் கல்வெட்டொன்று நல்ல சான்று தரும். அங்குத் திருப்பதியம் பாடக் குருடர் பதினாறு பேரும், அவர்க்குக் கண்காட்டுவார் இருவரும் அமைக்கப்பெற்று, அப்பதினெண்மர்க்கும் நிவந்தம் அளிக்கப்பட்டது. பாடுவாரைப் படியேற்றி, சந்நிதியில் நிறுத்தி, மீண்டும் இல்லிற் சேர்த்த அவ்விருவரும் கோயிற் பணியாளராகவே மதிக்கப்பட்டனர். எம் ஊர் அம்மையாரை நினைக்குந்தோறும் அடியேனுக்கு அவ்விருவர் நினைவும் உடன் எழும். திருஞானசம்பந்தர் திருமணத்தில், சோதி தோன்றியபொழுது, உடன் வந்தார் யாவரையும் முன்னே புகுவித்துத் தாம் காதலியோடு இறுதியிற் புக்கார் என்று சேக்கிழார் பெருமான் கூறும் வரலாற்றையும் குழுத் தலைவர் ஒருகால் ஓதிப் பார்க்கலாம். அக்கூட்டத்தில் ஏவல் செய்தாரும் இருந்தனர், சுமை சுமந்தாரும் இருந்தனர்.

திருவெம்பாவைக்கே மீள்வோம். எட்டு வாயிலும் கடந்து, ஒன்பதாம் பாட்டில் இறைவனை முன்னிலையாக்கித் தம் உறுதியைக் கூறிய பெண்கள், பத்தாம் பாட்டில் அவன் திருக்கோயிற் பிணாப்பிள்ளைகளை நோக்கி வினாவெழுப்புகின்றனர். அவன் ஊர் யாது, பேர் யாது, உற்றார் யார், அயலார் யார் என்று அடுக்கி, ஈற்றில் அவனைப் பாடும் முறைதான் யாது என்கின்றனர். ஒன்பது பாட்டுப் பாடிய பின்னர் இவ்வினா! ஒன்பது பாட்டும் பாடியவர் பாடும் முறை அறியார் ஆவரோ என்று உரையாசிரியர் சிலர் இதனை இறைவனது சொல்லிறந்த நிலைக்கு ஏற்றினர்; அது பொருந்தும். எமக்கு இன்னொன்றும் தோன்றுகின்றது. கூட்டம் நிறைந்த பின்னரே அவர்கள் இதனை வினவுகின்றனர், எட்டு வீட்டில் இறுதி வீட்டுப் பெண்ணும் வந்து நின்ற பின்னர். விடை கூறுவார் யாரும் அங்கில்லை. பதினோராம் பாட்டில் அவர்கள் குளத்தில் இறங்கிவிடுகின்றனர்.